பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சினின் சப்தங்கள்: அவற்றைப் பகுத்தறியும் விதம்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கும் மோட்டார் சைக்கிள் இஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் கடன் வழியாகவே ஏற்பட்டது. தஞ்சை ஜில்லாக் கிராமங்களில், தகப்பனார் காலத்துப் புல்லட் வண்டியை மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துச் செப்பனிட வேண்டுமென்ற ஆசை பல வீடுகளில் உண்டாகியிருக்கிறது. அதன் பொருட்டு வீட்டு நகையைச் சங்கத்தில் ஈடு வைக்க வந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். நகைக் கடன் பெறுவது அங்கத்தினரின் உரிமை. ஆனால் அவ்வாறு பெற்ற பணம் அவசியமில்லாத வேலைக்குச் செலவாவது வருந்தத்தக்கது. இஞ்சின் போடும் சப்தம் எங்கிருந்து வருகிறதென்று அறியுமுன்னரே இஞ்சினை இறக்கிப் பிரித்துவிடுவதே இந்த வீண் செலவுக்கு முக்கிய காரணமாகும்.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. ஆபத்தான சப்தத்தை அற்பமானதென்று எண்ணி வண்டியை மேலும் ஓட்டுவதே அது. அத்தவறை நானே செய்து நஷ்டமடைந்திருக்கிறேன். இவ்விரண்டு தவறுகளையும் தவிர்க்கும் வழியை இங்கே கூற விரும்புகிறேன்.

யந்திரத்தின் அமைப்பு

1955-ஆம் வருஷத்தில் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியின் 350 புல்லட் வண்டியை, முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பொருத்தியும், பின்னர் பாகங்களை இங்கேயே செய்தும், திருவொற்றியூரில் தயாரித்தார்கள். இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி மூடப்பட்ட பின்னரும், அந்தப் பழைய இஞ்சின் பெரிய மாறுதலின்றிப் பல பத்து வருஷங்கள் இங்கே தயாராகி வந்தது. ஆகையால் 1970-ஆம் வருஷத்து வண்டிக்குச் சொல்வது பெரும்பாலும் 1990-ஆம் வருஷத்து வண்டிக்கும் பொருந்தும்.

இது ஒரே ஒரு சிலிண்டருள்ள இஞ்சின். சிலிண்டரின் உள் விட்டம் 70 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். ஆக 346 கன சென்டிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. பிஸ்டனின் ஓட்டத்தை கனெக்டிங் ராடு கீழேயுள்ள கிராங்கிற்குக் கொடுத்து அதைச் சுழலச் செய்கிறது. ராடின் அடிமுனையை மெக்கானிக்குகள் ‘பிக் எண்ட்’ என்பர். பழைய புல்லட்டில் அம்முனை ‘மிதக்கும் புஷ்’ என்னும் உலோக வளையத்தின் மேல் சுழல்கிறது. இடைவிடாது வந்து சேரும் எண்ணெயே அதற்கு உயிர்.

வண்டியில் அமர்ந்தவருக்கு வலப்புறத்தில் டைமிங் பற்சக்கரங்களும், எண்ணெய்ப் பம்புகளும், வால்வுகளைத் தூக்கும் புஷ் ராடுகளின் அடிப்பாகமும் இருக்கின்றன. இடப்புறத்து மூடிக்குள் பிரைமரி சங்கிலியும் கிளட்ச்சும் இருக்கின்றன. இந்த வலம், இடம், மேல், கீழ் என்ற நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் சப்தத்தைத் தேடும் வேலையில் பாதி முடிந்தது போலாகும்.

கிளப்புவதற்கு முன்

பல வருஷம் நின்ற வண்டியை ஆசை மிகுதியால் உடனே உதைத்துக் கிளப்புதல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் கொட்டகையில் நின்ற வண்டியின் சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும். முதலில் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே சிறிது இஞ்சின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊற விடவேண்டும். பிறகு உதைகோலை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பலத்தைப் பிரயோகிக்காமல் மறுபடியும் ஊற விடுக.

டாங்கியிலுள்ள பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும். 2025-ஆம் வருஷத்தில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் சாராயத்தின் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர்த் துண்டுகளையும் கெடுக்கும். ஆகவே அத்தகைய பெட்ரோலை டாங்கியில் வைத்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவது நல்லதன்று.

அடுத்தது எண்ணெய். புல்லட்டின் எண்ணெய் அறை இஞ்சினுடன் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. நெடுநாள் நின்றால் அவ்வறையின் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்கின் அறைக்குள் இறங்கிவிடும். அதை வடித்துவிட்டு, 20டபிள்யூ-50 தரத்துப் புதிய எண்ணெயை அளவாக ஊற்றி, பிளக்கைப் பொருத்தாமலே பல தடவை உதைக்க வேண்டும். சிலிண்டர் தலைக்குச் செல்லும் சிறு எண்ணெய்க் குழாயின் திருகைச் சற்றுத் தளர்த்தினால் அங்கே எண்ணெய் கசிந்து வருவது தெரியும்.

ஆனால் மேலே எண்ணெய் வந்துவிட்டது என்பது ஒன்றே கீழே பிக் எண்டிற்கும் எண்ணெய் போகிறது என்பதற்குச் சான்றாகாது. கிராங்கிற்குள் எண்ணெய் புகும் இடத்தில், வலப்புற டைமிங் மூடியின் உட்பக்கம், சிறிய கார்க் வளையம் ஒன்று இருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் அது காய்ந்து சுருங்கியிருக்கும். அப்போது எண்ணெய் கிராங்கிற்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். பார்வைக்கு எக்குறையும் தெரியாது. ஆகையால் அம்மூடியைத் திறந்து அந்த வளையத்தைப் புதிதாக மாற்றிய பின்பே இஞ்சினைக் கிளப்புக. இதற்கு ஆகும் செலவு மிகவும் அற்பம்.

கேட்கும் முறை

வண்டியை நடு ஸ்டாண்டில், திறந்த வெளியில் நிறுத்துக. மூடிய அறைக்குள் இஞ்சினை ஓட்டினால் விஷவாயு உயிரைக் கொல்லும். கியரை நியூட்ரலில் வைத்து, வேட்டி, துண்டு முதலியவை சங்கிலிக்கும் சக்கரத்திற்கும் எட்டாதபடி ஒதுக்கிக் கொள்க. நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை இஞ்சினின் ஓர் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்தால், அவ்விடத்துச் சப்தம் தனியே தெளிவாகக் கேட்கும். ஓரிடத்தில் கேட்டது போதாது. மேல், கீழ், வலம், இடம் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். எங்கே அதிகமோ அங்கேதான் பிறப்பிடம். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்க முழ நீளமுள்ள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இணைப்புகளின் அருகே கொண்டு செல்லலாம்.

கேட்கும்போது பின்வரும் கேள்விகளுக்கு விடையை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்க.

1. சப்தம் இஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதிகமா, சூடேறிய பின் அதிகமா?
2. சும்மா நின்று ஓடுகையிலா, பாரம் இழுக்கையிலா?
3. கிளட்ச் பிடியை இழுத்தால் மாறுகிறதா?
4. இஞ்சினின் எப்பக்கத்தில் அதிகம்?

கணக்குப் புத்தகத்தில் வித்தியாசம் வந்தால் எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில் என்று முதலில் பார்க்கிறோமேயன்றிப் புத்தகத்தைக் கிழிப்பதில்லை. இதுவும் அவ்வாறே.

சப்தங்களும் காரணங்களும்

(1) டாப்பெட் சப்தம். ‘டிக், டிக்’ என்று மெல்லியதாய், ஒழுங்காய்க் கேட்கும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு முறையே திறப்பதால், இந்தச் சப்தம் இஞ்சினின் வேகத்தில் பாதி வேகத்தில் வரும். இதைச் சரிசெய்ய இஞ்சினை இறக்க வேண்டியதில்லை. இஞ்சின் நன்கு குளிர்ந்தபின், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வலப்புறத்துச் சிறு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புஷ் ராடு விரலால் எளிதில் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுவே சரியான அளவு. சப்தமே கூடாதென்று மிகவும் இறுக்கினால் வால்வு முழுவதும் மூடாமல் கருகிப்போகும்.

(2) புகைக்குழாய்க் கசிவு. சிலிண்டர் தலையில் புகைக்குழாய் சேரும் இடம் தளர்ந்திருந்தால் ‘டப், டப்’ என்று வரும் ஓசை டாப்பெட்டைப் போலவே ஏமாற்றும். அவ்விடத்தில் கரி படிந்திருப்பதே அடையாளம். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் கிளப்பி, சைலன்சரின் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்தால் கசிவின் ஓசை மிகுந்து கேட்கும்.

(3) பிரைமரி சங்கிலியும் கிளட்ச்சும். இடப்புறத்து மூடிக்குள் ‘சளசள’வென்று ஒழுங்கில்லாமல் கேட்பது சங்கிலித் தளர்ச்சி. சங்கிலியின் நடுவில் சுமார் 6 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் இறுக்க வேண்டும். கிளட்ச் பிடியை இழுத்தவுடன் சப்தம் நன்றாக மாறுமாயின், குற்றம் கிளட்ச்சிலோ கியர்ப் பெட்டியிலோ இருக்குமேயன்றிப் பிஸ்டனில் அன்று.

(4) பிஸ்டன் தட்டுதல். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் குடத்தைத் தட்டுவது போன்ற மந்தமான ஓசை சிலிண்டரின் நடுவில் கேட்டு, சூடேறச் சூடேறக் குறைந்து மறையும். அலுமினியம் சூட்டினால் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதே இதற்குக் காரணம். பிஸ்டன் விரிந்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. சூடேறியபின் மறையும் ஓசைக்காக சிலிண்டரைப் போர் செய்ய ஓடவேண்டாம். சூடான பின்னரும் நிலைத்து, நீலப் புகையும் வந்தால் மட்டுமே சிலிண்டரை அளந்து பார்க்க வேண்டும்.

(5) பாரத்தில் வரும் ‘கிணிகிணி’ ஓசை. நம் பிரதேசம் சமவெளியாதலால் இது எளிதில் தெரியாது. நெல் மூட்டையுடனோ, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டோ ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் திராட்டிலைத் திருகும்போது சில்லறையைக் குலுக்குவது போலக் கேட்கும். தீப்பொறி வேண்டிய காலத்திற்கு முன்பே பிறப்பதாலோ, சிலிண்டர் தலையில் கரி அடர்ந்திருப்பதாலோ இது உண்டாகிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். தீப்பொறிக் காலம் தானே மாறும் ஏற்பாடுள்ள வண்டிகளில், அவ்வேற்பாடு ஓய்ந்திருக்கும் நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னர்ப் பாயிண்ட் திறக்க வேண்டும்.

(6) ராடு அடித்தல். இதுவே அஞ்சத்தக்கது. ‘டொக், டொக்’ என்று ஆழத்திலிருந்து, மரத்தை உளிப்பிடியால் அடிப்பது போல வரும். இஞ்சினின் அடியில் திருப்புளியை ஊன்றினால் மேலே கேட்பதைவிட அதிகமாகக் கேட்கும். பிஸ்டன் தட்டும் ஓசைக்கு மாறாக, சூடேறி எண்ணெய் இளகிய பின்னும், பாரம் ஏறும்போதும் இது அதிகரிக்கும். இந்த நான்கு அடையாளங்களும் ஒத்திருந்தால் உடனே இஞ்சினை நிறுத்துக. வீடு வரையிலாவது ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணலாகாது.

இரண்டு வண்டிகளின் கதை

ஒரத்தநாடு பக்கத்து அங்கத்தினர் ஒருவரின் தகப்பனார் வைத்திருந்த புல்லட், 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அடித்த கஜா புயலில் கொட்டகைக் கூரையின் அடியில் சிக்கியது. தென்னைகளையும் இழந்த அந்தக் குடும்பம் வண்டியைப் பற்றி நினைக்கவே வருஷங்கள் ஆயின. தகப்பனாரும் காலமான பின், மகன் அதை வெளியே எடுத்துக் கிளப்பினார். சப்தத்தைக் கேட்ட மெக்கானிக் ஒருவர், “ராடு அடிக்கிறது, இஞ்சினை இறக்கிப் போர் செய்து, கிராங்க் மாற்ற வேண்டும்” என்றார். அங்கத்தினர் மகளின் சங்கிலியுடன் சங்கத்திற்கு வந்தார். அன்று நான் கணக்குப் பார்க்க அங்கே இருந்தேன். மறு நாள் காலையில் வண்டியைக் கேட்டுவிட்டு, பிறகு கடன் மனுக் கொடுக்கலாம் என்று வேண்டிக் கொண்டேன்.

இஞ்சின் அடியில் திருப்புளியை ஊன்றினால் பற்சக்கரங்களின் சீரான ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இடப்புறத்தில்தான் பெருஞ்சப்தம். மூடியைக் கழற்றியபோது, சங்கிலி தொய்ந்து உரசிய பளபளப்பான கோடு அதன் உட்புறத்தில் தெரிந்தது. வலப்புறத்தில் ஒரு புஷ் ராடு விரலில் ஆடிற்று. புகைக்குழாய் இணைப்பில் கரி படிந்திருந்தது. மூன்று சிறு குற்றங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு பெரிய வியாதியைப் போல ஒலித்திருந்தன. அரை நாளில் மூன்றும் சரியாயின. கார்க் வளையத்தையும் மாற்றினோம். காலையில் கிளப்பும்போது பிஸ்டன் சிறிது தட்டுகிறது. கூப்பிடு தூரம் போனதும் நின்றுவிடுகிறது. சங்கிலி மகளின் கழுத்துக்கே திரும்பிப் போயிற்று.

இவ்வளவு சொல்லும் நான் இதற்குச் சில வருஷங்களுக்கு முன் செய்தது வேறு. சங்கங்களுக்குச் சுற்றுப்பயணம் செல்வதற்காக நானும் ஒரு பழைய புல்லட்டை வாங்கிச் செப்பனிட்டிருந்தேன். அதில் மந்தமான ஓர் அடி கேட்டது. டாப்பெட்தான் என்று தீர்மானித்தேன். அப்படித் தீர்மானித்ததற்கு முக்கிய காரணம், டாப்பெட்டாக இருந்தால் செலவில்லை என்பதே. டாப்பெட்டைச் சரிசெய்த பின்னும் சப்தம் போகவில்லை. அப்போதே என் தீர்மானம் பிழையென்று நான் உணர்ந்திருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போகையில், பாபநாசம் தாண்டியதும் அடி பலத்தது. ஐயம்பேட்டை போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று மேலும் ஓட்டினேன். சிறிது தூரத்தில் இஞ்சின் இறுகிப் பின் சக்கரம் தரையில் இழுபட்டது. கிளட்ச் பிடியை அழுத்திப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பின்னால் லாரி வராதது தெய்வச் செயல்.

பிரித்துப் பார்த்தபோது கார்க் வளையம் காய்ந்த மிளகாய்த் தோல் போல் சுருங்கிக் கிடந்தது. பிக் எண்டிற்கு எண்ணெயே எட்டவில்லை. புஷ் தேய்ந்து, பின் கீறலுற்று, கிராங்க் முழுவதையும் மாற்ற நேர்ந்தது. ஒரு கார்க் துண்டின் விலையில் தீர்ந்திருக்க வேண்டியது என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. முந்திய அங்கத்தினருக்குப் பயத்தினால் நேரவிருந்தது, எனக்குச் சோம்பலினால் நேர்ந்தது. இருவரும் சப்தத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்பதில் பேதமில்லை.

பட்டறைக்குச் செல்லும்போது

மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் நேர்மையாளரே; ஆனால் சந்தை நெரிசலில் நின்று கொண்டு ஒரு நிமிஷத்தில் சப்தத்தைப் பகுத்தறிவது எவருக்கும் அரிது. ஆகையால் மேற்கூறிய கேள்விகளுக்கான விடைகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வேலைக்கும் சாமான்களுக்கும் தனித்தனியே மதிப்புக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெறுங்கள். போர் செய்ய வேண்டும் என்றால், சிலிண்டரை மேல், நடு, அடி என மூன்று இடங்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை கடையும்போதும் சிலிண்டர்ச் சுவர் மெலிகிறது. ராடு போய்விட்டது என்றால், சிலிண்டரைத் தூக்கியபின் ராடைப் பிடித்து நீங்களே பாருங்கள். மிதக்கும் புஷ் உள்ள ராடு பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பே. மேலும் கீழும் ஆடினால் மட்டுமே அது தேய்ந்தது.

முடிவுரை

சுருங்கச் சொன்னால்: வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலை உயர்ந்ததற்கு என்ற வரிசையில் பரிசோதியுங்கள். ஒரு குற்றத்தைச் சரிசெய்தும் சப்தம் போகவில்லையானால், அது அக்குற்றத்தின் சப்தமன்று என்று ஒப்புக்கொண்டு மேலும் தேடுங்கள். சூடேறி மறைவது பெரும்பாலும் பொறுக்கத்தக்கது. சூடேறி வளர்வது பொறுக்கத்தகாதது. அடியிலிருந்து வரும் ஆழ்ந்த அடி கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இம்முறை புல்லட்டிற்கு மட்டுமன்று. களத்தடியிலுள்ள ஆயில் இஞ்சினுக்கும் உழவு யந்திரத்திற்கும் பொருந்தும். 1904-ஆம் வருஷத்தில் திரூரில் நம் மாகாணத்து முதல் விவசாயக் கடன் சங்கம் தோன்றிய காலத்திலிருந்து, தேவைக்குக் கடன் கொடுப்பதைப் போலவே தேவையற்ற கடனைத் தவிர்க்கச் செய்வதும் சங்கத்தின் கடமையாக இருந்து வருகிறது. ஊரில் செவிக் கூர்மையுள்ள இளைஞர் ஒருவரிடம் இக்கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு வண்டி சப்தமிடும்போது, நகைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, ஒரு திருப்புளியுடன் கால் மணி நேரம் கேட்கச் செய்யுங்கள்.